நீட்டிய ஃபார்கோவைப் பழைய நீளத்துக்குக் கொண்டுவருவது எப்படி

பண்ருட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பில் கிடந்த ஃபார்கோ பிக்கப், போன தை மாதம் கடலூர் முதுநகரில் இருக்கும் என் பட்டறைக்கு லாரியில் ஏறி வந்தது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயலில் கொட்டகை அதன்மேல் சாய்ந்த பிறகு யாரும் அதைத் தொடவில்லையாம். வண்டிக்குச் சொந்தக்கார அக்கா பையிலிருந்து ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்துக் காட்டினார். அவருடைய அப்பா வண்டி ஓரமாக நிற்கிறார், பின்னால் பலாப்பழம் ஏற்றியிருக்கிறது. “இந்தப் படத்துல இருக்கற மாதிரி ஆக்கிக் குடுங்க தம்பி. இப்ப ரயில் பெட்டி மாதிரி நீளமா நிக்குது” என்றார்.

அக்கா சொன்னது சரி. 1948 முதல் 1953 வரை வந்த டாட்ஜ் பி வரிசையும் இந்த ஃபார்கோவும் ஒரே வண்டி, பெயர்ப்பலகைதான் வேறு. அதில் அரை டன் பிக்கப்புக்கு முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை 108 அங்குலம். நான் அளந்தபோது 128 இருந்தது. எப்போதோ ஒரு பட்டறையில் கூடுதலாகச் சுமை ஏற்றுவதற்காகக் கேபினுக்குப் பின்னால், வண்டியின் அடிச்சட்டமான சேசிஸை வெட்டி, ‘ப’ வடிவில் மடித்த 20 அங்குலச் சேனல் துண்டை நடுவில் சேர்த்திருக்கிறார்கள்.

படத்தை வைத்தும் சரிபார்த்தேன். பக்கவாட்டில் நேராக எடுத்த படமாக இருந்தால் இது எளிது. 6.00-16 டயரின் விட்டம் ஏறக்குறைய 28 அங்குலம். படத்தில் டயரின் விட்டத்தைக் காகிதத் துண்டில் குறித்துக்கொண்டு, இரண்டு சக்கர மையங்களுக்கு நடுவே எத்தனை முறை வருகிறது என்று பார்த்தேன். நாலுக்குச் சற்றுக் குறைவாக வந்தது. நீட்டிய வண்டியாக இருந்தால் நாலரையைத் தாண்டியிருக்கும்.

வெட்டுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய்விட்டு வந்துவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவில் உள்ள விவரம் தயாரிப்பாளர் முதலில் குறித்ததற்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2021-இல் வந்த பழங்கால வாகன விதியில் 50 வயது தாண்டிய வண்டிக்கு ‘வி.ஏ.’ எழுத்தோடு தனி எண் கிடைக்கும். ஆனால் சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அதனால் நீளமான ஒரிஜினல் வண்டியை அழகுக்காகக் குட்டையாக்கித் தரச் சொல்லி யாராவது வந்தால் நான் ஒப்புக்கொள்வதில்லை. இந்த வண்டியில் நடந்தது எதிர்த்திசை வேலை. பழைய தையல் (வெல்டிங் கோடு), உள்ளே வைத்த துண்டு இவற்றின் படங்களையும் அக்காவின் அப்பா படத்தையும் மனுவோடு இணைத்துக் கொடுத்து, அதிகாரி நேரில் பார்த்துவிட்டுப் போன பிறகுதான் கிரைண்டரை எடுத்தேன். சேசிஸ் எண் எங்கே குத்தியிருக்கிறது என்று துருவைச் சுரண்டிக் கண்டுபிடித்து, அந்த இடத்தைச் சுற்றி மஞ்சள் பெயிண்ட் அடித்துவிடுங்கள். அங்கே நெருப்பும் படக் கூடாது, அரமும் படக் கூடாது.

சரி, எங்கே வெட்டுவது? 20 அங்குலம் சேர்த்திருக்கிறார்கள், அதே 20-ஐ எடுத்தால் முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படிச் செய்தால் பழைய வெல்டிங்கின் ஓரம் ஒரு பக்கமாவது சேசிஸிலேயே தங்கிவிடும். அந்த ஓரம் ஒருமுறை வெந்த இரும்பு. அதன் மேலேயே இன்னொரு முறை நெருப்பு வைத்தால் விரிசல் பிடிக்கிற இடத்தை நாமே உண்டாக்கியது ஆகும். அதனால் நான் 30 அங்குலத்தை எடுத்துவிட்டு, புதிதாக 10 அங்குலத் துண்டு வைத்தேன். பழைய தையல் இரண்டும், அவற்றைச் சுற்றி வெந்த பகுதியும் முழுதாகப் போய்விட்டன. புதுத் தையல் பின் ஸ்பிரிங் பட்டையின் முன் ஹேங்கருக்கு (ஸ்பிரிங்கைச் சேசிஸோடு பிடித்திருக்கும் தாங்கி) ஒரு சாண் தள்ளியே விழ வேண்டும். இடது, வலது தையல்கள் நேர் எதிரே வரக் கூடாது. இடது பக்கம் 3 அங்குலம் முன்னே தள்ளி வெட்டினேன்.

சேனலின் தடிமனைத் துரு நீக்கிய இடத்தில் வெர்னியரில் பாருங்கள். எனக்கு 4 மி.மீ. வந்தது. அதே தடிமன் தகட்டை புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பிரஸ்ஸில் மடித்து வாங்கினேன். ‘பலமாக இருக்கட்டும்’ என்று 6 மி.மீ. போடாதீர்கள். ஒரு இடம் மட்டும் வளையாமல் முறுக்காக நின்றால், அது முடிகிற இடத்தில் சேசிஸ் உடையும். இன்னொன்று, அந்தக் காலத்து வண்டி சேசிஸ் மென்மையான சாதாரண இரும்பு. அதனால் வெல்டிங் தாங்கும். இப்போது வரும் பெரிய லாரிகள் பலவற்றின் சேசிஸ் சூட்டில் பதப்படுத்தியவை. அவற்றில் இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

இனி அளவு. இந்த வேலையில் எனக்கு இரண்டு முழு நாள் அளப்பதற்கே போனது. நீட்டும்போதும் குறைக்கும்போதும் இரண்டு பக்கச் சட்டங்களையும் சேர்த்தே அறுக்க வேண்டும், ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போக வழியில்லை. அறுத்த கணம் முன்பாதியும் பின்பாதியும் தனித்தனி வண்டி. அவற்றுக்கு நடுவில் உறவு என்று மிஞ்சுவது நீங்கள் தரையில் எழுதி வைத்த கோடு மட்டும்தான்.

கேபின், இன்ஜின், பாடி, டேங்க் எல்லாம் இறக்கிவிடுங்கள். பெட்ரோல் டேங்க் பட்டறைக்குள்ளேயே இருக்கக் கூடாது. இந்த வண்டியில் கைப்பிரேக் சக்கரத்தில் இல்லை, கியர்பாக்ஸின் பின்னால் இருக்கிறது. கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் ஜாயிண்ட் ஷாஃப்டைக் கழற்றிய நிமிடத்திலிருந்து கைப்பிரேக்கை நம்ப முடியாது. நாலு சக்கரத்துக்கும் கட்டை போட்டுவிட்டு அப்புறம் கழற்றுங்கள். பிறகு சேசிஸை எட்டு ஸ்டாண்டில் ஏற்றி, வெட்டும் இடத்துக்கு முன்னும் பின்னும் ஒரு ஸ்டாண்டு வருமாறு வைத்து, ட்யூப் லெவலில் மட்டம் பிடியுங்கள். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் அசையாமல் நிற்க இரண்டு நிமிடம் கொடுக்க வேண்டும்; அவசரப்பட்டால் பொய் சொல்லும்.

மட்டம் கிடைத்ததும் தூக்குக்குண்டு. முன் ஸ்பிரிங் ஹேங்கரின் போல்ட் ஓட்டை, பின் ஹேங்கரின் போல்ட் ஓட்டை, கேபின் மவுண்ட் என்று ஆலையில் போட்ட ஓட்டைகளிலிருந்து மட்டும் குண்டைத் தொங்கவிட்டு, நுனி தொடும் இடத்தில் தரையில் ஆணியால் புள்ளி குத்தினேன். சாக்பீஸ் புள்ளி கால் பட்டால் அழிந்துபோகும். எதிரெதிர் புள்ளிகளுக்கு நடுவில் மையம் பிடித்து, நீளத்துக்கும் நீல நூல் அடித்தேன். கடைசியாக மூலைவிட்டம்: இடது முன் புள்ளியிலிருந்து வலது பின் புள்ளி, வலது முன்னிலிருந்து இடது பின். இரண்டுக்கும் 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் சேசிஸ் ஏற்கனவே சாய்சதுரமாகியிருக்கிறது. அதைச் செயின் போட்டு இழுத்துச் சரிசெய்யாமல் வெட்டக் கூடாது. பல வருஷம் முன்பு ஒரு ஜீப் பிக்கப்பில் நான் பம்பரிலிருந்து டேப் பிடித்து அளந்துவிட்டேன். பம்பரே வளைந்திருந்தது. பின் ஆக்சில் 9 மி.மீ. கோணலாக உட்கார்ந்து, இரண்டு மாதத்தில் டயர் ஓரம் கம்பி தெரியத் தேய்ந்தது. அந்த வண்டியைத் திரும்ப வாங்கி முழுதும் அறுத்து மறுபடி செய்தேன். அன்றிலிருந்து தூக்குக்குண்டு இல்லாமல் சேசிஸைத் தொடுவதில்லை.

அளந்து முடித்ததும் 12 அடி ஐ-பீம் இரண்டை, பக்கத்துக்கு ஒன்றாகச் சேனலுக்கு அடியில் கொடுத்து, சி-கிளாம்பால் இறுக்குங்கள். சேனலின் மேலும் கீழும் மடிந்து நிற்கும் உதடுகளில் தற்காலிகமாகக்கூட வெல்டிங் பொட்டு வைக்கக் கூடாது. சுமை முழுவதையும் இழுத்துப் பிடிப்பது அந்த உதடுகள்தான்; அங்கே விழும் சின்னக் காயமும் பின்னால் விரிசலாகும். அதே காரணத்தால் வெட்டும் கோட்டை நெட்டுக்குத்தாக விடாமல் இசட் வடிவில் போட்டேன்: மேல் உதட்டில் ஒரு இடம், கீழ் உதட்டில் 4 அங்குலம் தள்ளி, நடுவில் சாய்வு. தகரத்தில் ஒரு அச்சு வெட்டி, அதையே எல்லா இடத்திலும் வைத்துக் கீறினேன். கேஸ் கட்டிங் வேண்டாம், மெல்லிய கட்டிங் வீல் போதும்.

புதுத் துண்டின் நீளத்தை யோசித்து வெட்ட வேண்டும். 10 அங்குலம் என்றால் 254 மி.மீ. வெல்டிங் உள்ளே இறங்குவதற்குத் தையலுக்கு 2 மி.மீ. இடைவெளி, இரண்டு தையலுக்கு 4 போனால் 250. ஆறும்போது தையல் கொஞ்சம் உள்ளே இழுக்கும் என்பதால் 251-ஆக வெட்டினேன். எல்லாம் முடிந்து அளந்தபோது இடது பக்கம் 2743 மி.மீ., வலது பக்கம் 2744. 108 அங்குலம் என்பது 2743.

வெல்டிங்குக்கு 7018 என்ற வகை ராடு. நம் ஊர்க் கடல்காற்றில் திறந்து வைத்த பாக்கெட் ஒரே நாளில் ஈரம் குடித்துவிடும். ஈர ராடு உள்ளுக்குள் விரிசல் விடும், வெளியே தெரியாது. அடுப்பில் 300 டிகிரிக்கு மேல் ஒரு மணி நேரம் சுட்டு, சூடாகவே எடுத்துப் பயன்படுத்துங்கள். முனைகளை 30 டிகிரி சாய்த்து, முதல் ஓட்டம் 2.5 மி.மீ. ராடில், மேல் ஓட்டம் 3.15 மி.மீ.-இல். ஒரேயடியாக ஓட்டாமல் இடதில் ஓர் அங்குலம், வலதில் ஓர் அங்குலம் என்று மாறி மாறிப் போக வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் மூலைவிட்டத்தைப் பாருங்கள். உதட்டின் ஓரத்தில் தொடங்கவோ முடிக்கவோ கூடாது. ஓரத்தில் ஒரு சின்னத் தகட்டை ஒட்டவைத்து, ஓட்டத்தை அதில் கொண்டுபோய் நிறுத்தி, பிறகு தேய்த்து எடுத்துவிடுங்கள்.

சேனலின் உள்பக்கம் இரண்டு தையலையும் தாண்டுமாறு 4 மி.மீ. தகடு ஒன்று வைத்தேன். அதன் இரு முனையும் மீன் வால் போல் வெட்டியது. நீளவாட்டில் விட்டுவிட்டு வெல்டிங், நடுவில் 16 மி.மீ. ஓட்டைகளில் அடைப்பு வெல்டிங். முனைகளில் குறுக்கே எதுவும் கிடையாது. மூடாமல் விட்ட அந்த இடுக்கில் உப்புத்தண்ணீர் இறங்கும் என்பதால், துத்தநாகப் பிரைமர் அடித்தபின் சீலன்ட் நிரப்பினேன். அதற்கு முன்பே சிவப்புச் சாயம் தெளித்து, துடைத்து, வெள்ளைப் பொடி அடித்து விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். வலது பின் தையலில் நகக்கீறல் போல ஒரு சிவப்புக் கோடு கசிந்தது. அந்த ஓர் அங்குலத்தைத் தோண்டி மறுபடி போட்டேன்.

மற்றவை சீக்கிரம் முடியும். நீட்டியபோது போட்ட இரண்டு துண்டு ஷாஃப்டும் நடு பேரிங்கும் போய்விட்டன. ஒற்றை ஷாஃப்டுக்கு அளவு எடுக்கும்போது வண்டி எடை சக்கரத்தில் இறங்கியிருக்க வேண்டும், ஸ்டாண்டில் தொங்கும்போது எடுத்த அளவு தவறாகும். ஷாஃப்ட் நீண்டு சுருங்க இடம் தரும் ஸ்லிப் ஜாயிண்ட் உள்ளே போய்வர ஓர் அங்குலம் விட்டு, லேத்தில் வெட்டி, பேலன்சிங் போட்டு வாங்குங்கள். பிரேக் பைப்பை நடுவில் வெட்டி ஒட்டாதீர்கள். 3/16 அங்குலக் குழாயில் முழுதாகப் புதிது செய்யுங்கள்.

தையல் இருக்கும் நாலு இடத்திலும் சேசிஸின் கறுப்புப் பெயிண்டுக்கு மேல் ஒரு சாண் அகலத்துக்கு வெள்ளை அடித்துவிட்டேன். விரிசல் பிடித்தால் முதலில் அங்கே மயிரிழை போலத் துருக்கோடு தெரியும். 100 கிலோமீட்டரில் ஒருமுறை, 500-இல் ஒருமுறை பார்த்தேன். இரண்டு முறையும் அக்காவும் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு என்னோடு வண்டிக்கு அடியில் குனிந்தார். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. அடுத்தது பலாப்பழ சீசன் முடிந்ததும்.