புதிய இண்டி ஆல்பத்துக்கு விமர்சனம் எழுதுவது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

புதிய இண்டி ராக் (பெரிய நிறுவனங்களைச் சாராத சுயாதீன இசை வழியில் வந்த ராக்) ஆல்பம் ஒன்றையோ பாப் ஆல்பம் ஒன்றையோ கேட்டு முடித்ததும் "அருமை", "சுமார்", "ஏமாற்றம்" என்று ஏதாவது ஒரு சொல் நாக்கில் வந்து நிற்கும். நண்பரிடம் அந்த ஒரு சொல்லைச் சொன்னால் போதும், அவருக்கு உங்கள் ரசனை தெரியும். முன்பின் தெரியாத வாசகருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. அவர் அந்த ஆல்பத்தை இன்னும் கேட்கவில்லை. நாற்பது நிமிடம் ஒதுக்கலாமா என்று உங்களிடம் கேட்கிறார். உங்கள் தீர்ப்பைவிட, அந்தத் தீர்ப்பு ஆல்பத்தின் எந்த இடத்தில் பிறந்தது என்பதுதான் அவருக்கு உதவும்.

கருத்தைச் சொல்லும் முன் காதில் விழுந்ததைச் சொல்லப் பழகுவது: இந்தச் செய்முறை முழுவதும் இதைச் சுற்றித்தான். இசை இலக்கணம் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு ஹெட்ஃபோன், ஒரு நோட்டு, ஒரு வாரப் பொறுமை, இவை இருந்தால் தொடங்கிவிடலாம்.

படி 1: வாரத்துக்கு ஒரே ஒரு ஆல்பம்

2015 ஜூலை 10 முதல் உலகின் பெரும்பாலான நாடுகளில் புதிய ஆல்பங்கள் வெள்ளிக்கிழமைகளில் வெளியாகின்றன. அதற்கு முன் அமெரிக்காவில் செவ்வாய், பிரிட்டனில் திங்கள் என்று நாட்டுக்கொரு கிழமை இருந்தது. இப்போது எல்லாம் ஒரே நாளில் வந்து குவிகின்றன. அத்தனையையும் கேட்கப் போனால் எதையுமே ஒழுங்காகக் கேட்டிருக்க மாட்டீர்கள். ஒன்றை எடுங்கள், மற்றவற்றை விடுங்கள்.

எதை எடுப்பது? உயிராக நேசிக்கும் குழுவின் ஆல்பத்தை முதல் விமர்சனத்துக்கு எடுக்காதீர்கள். பாசம் கண்ணை மறைக்கும். ஒன்றிரண்டு பாட்டு கேட்டு, பிடித்ததா இல்லையா என்று முடிவுக்கு வராமல் இருக்கும் குழுவே நல்ல தொடக்கம். அறிமுக ஆல்பங்களும் நல்லவை. பழைய படைப்போடு ஒப்பிடும் சுமை அவற்றில் இல்லை.

ஸ்ட்ரீமிங் செயலி பரிந்துரைப்பதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். 2024இல் சிண்டி லீ வெளியிட்ட 'டைமண்ட் ஜூபிலி' 32 பாட்டுகள், இரண்டு மணி நேரம் ஓடும் ஆல்பம். வெளியானபோது அது ஸ்பாட்டிஃபையில் கிடையாது. யூடியூபில் ஒரே நீண்ட கோப்பாகவும், பழங்காலத் தோற்றத்தில் இருந்த ஒரு இணையப் பக்கத்தில் தரவிறக்கமாகவும்தான் கிடைத்தது. அந்த ஆண்டின் சிறந்த ஆல்பங்கள் என்று பத்திரிகைகள் போட்ட பட்டியல்கள் பலவற்றில் அது இடம்பிடித்தது. 2008இல் தொடங்கிய பேண்ட்கேம்ப் தளத்தில் இசை வகையைச் சொல்லித் தேடிப் பாருங்கள். ஒரு வரி விமர்சனம்கூட எழுதப்படாத ஆல்பங்கள் அங்கே ஏராளம். அவற்றில் ஒன்றைப் பற்றி நீங்கள் எழுதினால், உங்கள் எழுத்துதான் அதற்குக் கிடைத்த முதல் செவி.

படி 2: முதல் முறை வெறுமனே கேளுங்கள்

பாட்டு வரிசையைக் கலைத்துப்போடும் ஷஃபிளை அணையுங்கள். ஒரு பாட்டின் முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் கலந்துவிடும் கிராஸ்ஃபேடையும் அணையுங்கள். இரண்டு பாட்டுகளுக்கு நடுவே எவ்வளவு மௌனம் விடுவது என்று யாரோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். மற்றவர்கள் எழுதிய விமர்சனங்களைப் படிக்காதீர்கள். மதிப்பெண்ணைக்கூடப் பார்க்காதீர்கள். 8.4 என்ற எண்ணைப் பார்த்த பிறகு, உங்கள் காது அந்த எட்டைத் தேட ஆரம்பித்துவிடும்.

இந்த முறை எதையும் எழுத வேண்டாம். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, வைத்த வரிசையிலேயே கேளுங்கள். 1948இல் எல்பி இசைத்தட்டு வந்த காலத்திலிருந்து, பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக என்று இரண்டு பக்கங்களாக ஆல்பத்தை அமைக்கும் பழக்கம் இருக்கிறது. இன்றும் பல இண்டி குழுக்கள் வினைல் (இசைத்தட்டு) பதிப்பை மனதில் வைத்தே பாட்டுகளை அடுக்குகின்றன. அதனால் ஐந்தாவது, ஆறாவது பாட்டு வரும் இடத்தைக் கவனியுங்கள். ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் தொடங்கும் உணர்வு பல ஆல்பங்களில் அங்கேதான் கிடைக்கும்.

படி 3: நேரத்தோடு குறிப்பெடுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். நல்ல விமர்சனத்துக்கும் வெற்று விமர்சனத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இங்கேயே தீர்மானமாகிவிடுகிறது.

இரண்டாம் முறை கேட்கும்போது நோட்டைத் திறந்து, பாட்டின் எண்ணையும் நிமிடத்தையும் போட்டு எழுதுங்கள். "பாட்டு 3, 2:14, டிரம்ஸ் நின்றுபோகிறது, குரல் மட்டும்." "பாட்டு 6, தொடக்கம், யாரோ இருமும் சத்தம், அழிக்காமல் விட்டிருக்கிறார்கள்." நன்றாக இருக்கிறது, மோசம் என்று இப்போதைக்கு எதுவும் எழுத வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

என்ன கவனிப்பது என்று தெரியாவிட்டால் குரலில் தொடங்குங்கள். குரல் உங்கள் காதருகே இருக்கிறதா, ஒரு பெரிய மண்டபத்தின் மறுகோடியிலிருந்து வருகிறதா? ரிவெர்ப், அதாவது எதிரொலிபோல் நீளும் ஒலி, கூடக் கூடக் குரல் தள்ளிப் போகும். ஒரே குரல்தானா, அதே ஆளின் குரலை இரண்டு மூன்று முறை பதிந்து அடுக்கியிருக்கிறார்களா? அடுத்து டிரம்ஸ்: மனிதர் அடிப்பதா, இயந்திரத் தாளமா? பேஸ் கிட்டாரைத் தனியாகப் பின்தொடர்ந்து ஒரு பாட்டு முழுவதும் கேட்டுப் பாருங்கள். புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது அதைத்தான், பல இண்டி பாட்டுகளில் மெட்டின் பாதி அதில்தான் ஒளிந்திருக்கிறது. முதல் கோரஸுக்கும் கடைசிக் கோரஸுக்கும் என்ன மாறியிருக்கிறது என்றும் பாருங்கள். புதிதாக ஒரு சின்த் (மின்னணு இசைக்கருவி) சேர்ந்திருக்கலாம், ஒரு வரி மட்டும் திரிந்திருக்கலாம். எதுவுமே மாறவில்லை என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, உங்கள் கை தானாகவே போனை எடுத்த நொடியைக் குறித்துவையுங்கள். ஆல்பம் எங்கே உங்களை விட்டது என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி இல்லை.

கேட்டது குறைதானா என்று முடிவு செய்யும் முன் அந்த இசை வகையின் வழக்கத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். மை பிளடி வாலன்டைன் குழுவின் 1991 ஆல்பமான 'லவ்லெஸ்'ஸில் குரல்கள் கிட்டார் ஒலிக்குள் அமிழ்ந்தே கிடக்கும். வேண்டுமென்றே அப்படிக் கலந்திருக்கிறார்கள். ஷூகேஸ் என்று அழைக்கப்படும் அந்த வகையில் குரலும் இன்னொரு வாத்தியம்தான். இன்று அதே பாணியில் வரும் ஒரு ஆல்பத்தைக் கேட்டு "வரிகள் புரியவில்லை" என்று குறை சொன்னால், அந்தக் குறை ஆல்பத்தைத் தொடாது. அதே கிட்டார் மூட்டம் எல்லாப் பாட்டிலும் ஒரே அடர்த்தியில் இருக்கிறது, மெட்டு எங்குமே தலைகாட்டவில்லை என்று சொன்னால் தொடும்.

வரிகளை மூன்றாம் முறை கேட்கும்போது கையில் வைத்துப் படியுங்கள், அதற்கு முன் வேண்டாம். பாட்டில் வரும் "நான்" பாடகர்தான் என்று நினைத்துவிடாதீர்கள். கதை எழுதுபவரைப் போலவே பாட்டெழுதுபவரும் வேறொருவராக மாறிப் பேசுவார். அவருடைய சொந்த வாழ்க்கையைத் துப்பறிவது விமர்சகரின் வேலை அல்ல.

படி 4: இடைவெளி விடுங்கள்

ஒரு பொருளைத் திரும்பத் திரும்ப எதிர்கொண்டாலே அதன் மீது விருப்பம் கூடுகிறது என்பதை உளவியலாளர் ராபர்ட் ஸாயன்ஸ் 1968இல் சோதனைகளோடு எழுதினார். இசைக்கு இது நன்றாகவே பொருந்தும். ஒரே நாளில் பத்து முறை கேட்டால் பழக்கத்தை ரசனை என்று எண்ணிக்கொள்வோம். அதனால் இரண்டு நாள் ஆல்பத்தைத் தொடாமல் இருங்கள். அந்த நாட்களில் எந்த மெட்டு தானாக வாயில் வருகிறது என்று பாருங்கள். முதல் முறை கேட்டபோது பளிச்சென்று தெரிந்த பாட்டு மறந்துபோய், கவனிக்காமல் விட்ட எட்டாவது பாட்டு முனகலாக வந்து நிற்பது அடிக்கடி நடக்கும். அதை எழுதுங்கள், வாசகருக்குப் பயன்படும்.

படி 5: பின்னணியைத் தெரிந்துகொள்ளுங்கள்

யார் தயாரித்தது, எந்த லேபிள் (ஆல்பத்தை வெளியிடும் நிறுவனம்), முந்தைய ஆல்பம் எப்படி இருந்தது: இவ்வளவு போதும். லேபிளை வைத்து ஆல்பத்தின் ஒலியை முடிவு செய்யாதீர்கள். 1989இல் ஒரு பேண்டின் உறுப்பினர்கள் இருவர் தொடங்கிய மெர்ஜ் என்ற சிறிய லேபிளில் இருந்துகொண்டே ஆர்கேட் ஃபயர் குழு 2011இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதை வாங்கியது. அந்த ஆல்பத்தின் ஒலி சிறியதல்ல, அரங்கம் நிறையும் ஒலி. பாய்ஜீனியஸ் குழுவின் 2023 ஆல்பம் வந்தது இன்டர்ஸ்கோப் என்ற பெரிய நிறுவனத்தில். ஆனால் அந்தக் குழுவில் உள்ள மூவரும் இண்டி லேபிள்களில் வளர்ந்தவர்கள், பாட்டு எழுதும் விதமும் அந்த வழிதான்.

ஆல்பத்தோடு வரும் கதையிடமும் எச்சரிக்கை வேண்டும். போன் ஈவேரின் முதல் ஆல்பம், அந்தப் பெயரில் பாடும் ஜஸ்டின் வெர்னன் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒரு குளிர்காலத்தைத் தனிமைக் குடிலில் கழித்தபோது உருவானது. 2008இல் அது பரவலாக வெளிவந்தபோது எல்லோரும் அந்தக் குடிலைப் பற்றியே எழுதினார்கள். கதை உண்மைதான், அழகானதும்கூட. ஆனால் அந்த ஆல்பம் நெஞ்சைத் தொடுவதற்குக் காரணம், அவர் தன் உச்சக் குரலைத் தானே பல அடுக்குகளாகப் பதிந்து, தனி ஒருவரின் குரலைக் கூட்டுப் பாடலாக ஆக்கியது. குடிலைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள், குரலைப் பற்றி ஒரு பத்தி எழுதுங்கள்.

படி 6: எழுதுங்கள், பிறகு ஒவ்வொரு வரியையும் "எங்கே?" என்று கேளுங்கள்

பயிற்சிக்காகக் கற்பனை ஆல்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தொடக்கநிலையில் நாம் எழுதுவது இப்படி இருக்கும்:

"ஆல்பம் மிகவும் உணர்ச்சிகரமாக இருக்கிறது. கிட்டார் பிரமாதம். பாடகியின் குரல் மனதை உருக்குகிறது. ஆனால் இரண்டாம் பாதி சலிப்பூட்டுகிறது."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இந்த நான்கு வாக்கியங்களை உலகின் எந்த ஆல்பத்தின் மேலும் ஒட்டலாம். இப்போது குறிப்புகளைத் திறந்து ஒவ்வொரு வாக்கியத்தையும் "எங்கே? எதனால்?" என்று கேளுங்கள். கிடைப்பது இது:

"முதல் நான்கு பாட்டுகளிலும் பாடகி பேசுவது போலத்தான் பாடுகிறார். கிட்டாரும் ஒவ்வொரு கம்பியாக மெல்ல நடக்கிறது. ஐந்தாவது பாட்டின் கடைசி நிமிடத்தில்தான் முதல் முறையாகக் குரல் உயர்கிறது, அதே நொடியில் டிஸ்டார்ஷனும் (கிட்டாரின் கரகரப்பு) உள்ளே பாய்கிறது. அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்ததால் அந்த ஒரு உயர்வு உலுக்கிவிடுகிறது. அதே உத்தி ஏழு, எட்டு, ஒன்பதாவது பாட்டுகளிலும் வருகிறது. ஒன்பதாவது பாட்டுக்குள் போகும்போதே சத்தம் எந்த இடத்தில் ஏறும் என்று தெரிந்துவிடுகிறது."

பாராட்டும் குறையும் அப்படியே இருக்கின்றன. இப்போது வாசகர் ஐந்தாவது பாட்டைப் போட்டுப் பார்த்து உங்களோடு உடன்படலாம், சண்டையும் போடலாம். "உருக்குகிறது" என்ற சொல் எங்குமே வரவில்லை என்பதையும் கவனியுங்கள். உருகிய இடம் வந்துவிட்டதால் அந்தச் சொல்லுக்கு வேலை இல்லாமல் போனது.

ஒப்பீடுகளில் கை கட்டுப்பாடு வேண்டும். "இன்ன குழுவைப் போல இருக்கிறது" என்று நிறுத்தினால், அந்தக் குழுவைத் தெரியாதவர் வெளியே நின்றுவிடுவார். எந்த அம்சத்தில் என்று சேர்த்துச் சொல்லுங்கள்: டிரம்ஸ் ஒலியிலா, கோரஸ் கட்டும் விதத்திலா? லோஃபை, டிரீம் பாப் போன்ற வகைப் பெயர்களை முதல் முறை பயன்படுத்தும்போது, அந்த ஒலி எப்படி இருக்கும் என்று அரை வரியில் விளக்கிவிடுங்கள்.

நீளம் நானூறு சொற்கள் போதும். எல்லாப் பாட்டையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகாதீர்கள், அது பட்டியல் ஆகிவிடும். மூன்று பாட்டுகளை எடுத்து ஆழமாகப் பேசினால் மற்றவை தாமாகப் புரியும். தொடக்க வரியில் குழுவின் வரலாறு வேண்டாம். நோட்டில் இருப்பவற்றில் உங்களை அதிகம் நிறுத்திய குறிப்பு எதுவோ அதில் தொடங்குங்கள்.

படி 7: மதிப்பெண்

போடாமல் விடுவதையே நான் பரிந்துரைப்பேன். 1996இல் தொடங்கிய பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சனத் தளம், 0.0 முதல் 10.0 வரை தசமப் புள்ளியோடு மதிப்பெண் தரும் வழக்கத்தால் பெயர் பெற்றது. பாடகி லிஸ் ஃபேர் 2003இல் வெளியிட்ட ஆல்பத்துக்கு அது கொடுத்தது 0.0. பழைய மதிப்பெண்களில் சிலவற்றை 2021இல் அதுவே மறுபரிசீலனை செய்தபோது அதை 6.0 ஆக்கியது. ஆல்பம் ஒரு நொடிகூட மாறவில்லை. கேட்பவர்களின் காலம் மாறியது, எதிர்பார்ப்பு மாறியது. அப்படியும் எண் வேண்டும் என்றால், கட்டுரையை எழுதி முடித்த பிறகு கடைசியாகப் போடுங்கள்.

படி 8: வெளியிடும் முன்னும் பின்னும்

பாட்டுத் தலைப்புகள், வெளியான தேதி, தயாரிப்பாளர் பெயர், மூன்றையும் ஆல்பத்தின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் சரிபாருங்கள். குழுவின் பெயரைத் தமிழில் எழுதும் முன், அவர்கள் பேட்டியில் தங்கள் பெயரை எப்படி உச்சரிக்கிறார்கள் என்று கேட்டு, கட்டுரை முழுவதும் ஒரே எழுத்துக்கூட்டலை வையுங்கள்.

பிடிக்காத ஆல்பத்தைப் பற்றி எழுதும்போது, அது சிறிய குழுவின் முதல் முயற்சி என்றால், குறையை மழுப்ப வேண்டாம், ஆனால் ஆளைத் தொடாதீர்கள். "பாடத் தெரியவில்லை" என்று எழுதுவது தாக்குதல். "மேல் ஸ்தாயியில் குரல் நடுங்குகிறது, மிக்ஸில் (ஒலிக்கலவையில்) அதை இவ்வளவு முன்னால் வைத்திருப்பதால் மெட்டு தடுமாறுகிறது" என்று எழுதுவது விமர்சனம். அந்தக் குழு படித்தால் அதை வைத்து அடுத்த ஆல்பத்தில் ஏதாவது செய்ய முடியும்.

கட்டுரையின் அடியில், எந்தத் தேதி வரை கேட்டு எழுதியது என்று குறியுங்கள். சில மாதம் கழித்து மறுபடி கேட்டுப் பாருங்கள். கருத்து மாறியிருந்தால் பழைய வரிகளை அழிக்காமல் கீழே புதிய தேதி போட்டு, எந்தப் பாட்டில் எந்த இடம் இப்போது வேறாகக் கேட்கிறது என்று இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்.