பெல்ட் புல்லி போகப்போகிறதா? இப்படிப் பாருங்கள்

காலையில் காரை ஸ்டார்ட் செய்ததும் 'கீச்'சென்று கத்திவிட்டு அடங்கினால் பெரும்பாலும் எஞ்சினின் பெல்ட்தான் வழுக்குகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க 'கரகர'வென்று ஏறுகிறதா, அப்போது ஐட்லர் (பெல்ட்டுக்கு வழிகாட்டும் சக்கரம்) அல்லது டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் சக்கரம்) புல்லியின் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். எஞ்சின் ஓடும்போதே பெல்ட்டின் வரிப்பள்ளம் உள்ள பக்கம் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம் (துப்பட்டா, தொங்கும் சட்டைக்கை எதுவும் அருகே போகக்கூடாது). சத்தம் சட்டென்று மாறினால் பெல்ட், மாறவே இல்லையென்றால் அநேகமாக பேரிங்.

உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால், எஞ்சினை அணைத்து ஆறவிட்டு, பெல்ட்டைக் கழற்றி ஐட்லர், டென்ஷனர் புல்லிகளை ஒவ்வொன்றாகக் கையால் சுற்றுங்கள். நல்லது சத்தமில்லாமல், லேசான பிடிப்போடு சுற்றி நிற்கும். மணல் அரைபடுவது போல விரலுக்குத் தட்டுப்பட்டால் போச்சு. தட்டிவிட்டதும் விர்ரென்று நிற்காமல் சுற்றுகிறதே, நல்லாத்தானே இருக்கிறது என்று ஏமாறாதீர்கள், உள்ளே கிரீஸ் காய்ந்திருக்கும். அப்புறம் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆடவே கூடாது. பெல்ட் ஓரம் நூல் பிரிந்திருந்தால் புல்லி சாய்ந்திருக்கலாம்.

ஓட்டும்போது பெல்ட் அறுந்தால் பேட்டரி விளக்கு எரியும். வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில் ஓடும் வண்டியென்றால் சூடும் ஏறும், உடனே ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள். பெல்ட்டை மட்டும் மாற்றினால் போதும் என்கிற மெக்கானிக்கிடம் புல்லியைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள்.