பேபி லோஷன் பாட்டிலைத் திருப்பிப் படிப்பது எப்படி?

குழந்தை பிறந்த வீட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பேபி செட் வாங்கி வருவார்கள்: சோப்பு, எண்ணெய், லோஷன், பவுடர். எல்லாவற்றையும் உடனே பிரித்துவிட வேண்டாம். பச்சைக் குழந்தையின் மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியது. எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பும் அதிகம். அதனால் பூசுவது நம்மைவிட அதிகமாக உடலுக்குள் போகக்கூடும்.

படி 1: பவுடரை எடுத்து ஒதுக்கி வையுங்கள். இதற்கு லேபிள்கூடப் படிக்க வேண்டியதில்லை. பறக்கும் தூள் குழந்தையின் மூச்சோடு நுரையீரலுக்குள் போகும், அது போதும். பாட்டி முகம் சுளிப்பார், பொறுத்துக்கொள்ளுங்கள். மூச்சு மட்டுமல்ல, தோலும் ஒரு வழிதான்: பிரான்சில் 1972இல் ஒரு குழந்தைப் பவுடரில் ஹெக்சாகுளோரோஃபீன் என்ற கிருமிநாசினி தவறுதலாக அளவுக்கு மீறிக் கலந்துவிட்டது. தோல் வழியே ஏறிய நஞ்சால் 36 குழந்தைகள் இறந்தன.

படி 2: லோஷன் பாட்டிலைத் திருப்புங்கள். முன்பக்கத்து 'நேச்சுரல்', 'ஹைப்போஅலர்ஜெனிக்' (ஒவ்வாமை குறைவு) எல்லாம் விளம்பரம். பின்பக்கத்துப் பொடி எழுத்துதான் நமக்கு வேண்டியது. பட்டியலில் அதிகம் உள்ள பொருள் முதலில் வரும். தேட வேண்டியவை இவை:

'பெர்ஃபியூம்' அல்லது 'ஃப்ராக்ரன்ஸ்': இந்த ஒரு சொல்லுக்குள் பல வேதிப்பொருள்கள் ஒளிந்திருக்கலாம். இருந்தால் வாங்காதீர்கள். 'அன்சென்டட்' (வாசனையற்றது) என்று போட்டிருந்தாலும் நம்பிவிட முடியாது. மூலப்பொருள்களின் வாடையை மறைக்க வாசனை சேர்த்திருக்கலாம்.

மெத்தில்ஐசோதையசோலினோன்: லோஷன் கெடாமலிருக்கச் சேர்க்கும் பொருள். வாயில் நுழையாத பெயர், தோல் ஒவ்வாமைக்குப் பேர்போனது. கழுவாமல் விடும் பூச்சுகளில் இதை ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் தடைசெய்தது.

கற்பூரம்: வலிப்பை வரவழைக்கக்கூடியது. சளிக்குத் தேய்க்கும் தைலங்களில் இருக்கும். இரண்டு வயதுக்குள் அவை கூடாது. கற்பூரமும் 'நேச்சுரல்'தானே!

போரிக் அமிலம் என்று பட்டியலில் இருந்தால் பாட்டிலை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

படி 3: எண்ணெய். கடுகு எண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் தோலின் காப்பு அடுக்கைக் குலைக்கக்கூடியவை. வாசனை சேர்க்காத தேங்காய் எண்ணெய் போதும். மூக்கிலும் காதிலும் மட்டும் சொட்டு விடாதீர்கள். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம்.

படி 4: புதிதாக எது வாங்கினாலும் தொடையில் சிறிதளவு தடவி ஒரு நாள் காத்திருங்கள். சிவந்தால் வெறும் தண்ணீரில் கழுவிவிட்டு அதைக் கைவிடுங்கள். கொப்புளம், சீழ், காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். போகும்போது அந்தப் பாட்டிலையும் எடுத்துச் செல்லுங்கள்.