இங்கிலாந்து – நியூசிலாந்து பெண்கள் ரக்பி: பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரக்பியைப் புதிதாகப் பார்ப்பவர்களின் கண் பந்தோடு ஓடுபவர் பின்னாலேயே போய்விடுகிறது. ஆட்டம் திரும்பிய இடம் கண்ணில் படாமலே போவதற்கு இதுதான் காரணம். 2022 நவம்பர் 12 அன்று ஆக்லாந்தின் ஈடன் பார்க்கில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தையே பாருங்கள். தொடர்ந்து 30 ஆட்டங்களை வென்று வந்த இங்கிலாந்து, அன்று நியூசிலாந்திடம் 31-34 என்று தோற்றது.

பெரும்பாலோர் செய்யும் தவறு, 'மால்' என்பதை வெறும் தள்ளுமுள்ளு என்று நினைப்பது. பக்கக்கோட்டைத் தாண்டிய பந்தை உள்ளே எறியும்போது இரு அணிகளும் வரிசையாக நிற்கும், அது லைன்அவுட். தூக்கி நிறுத்தப்பட்ட வீராங்கனை பந்தைப் பிடித்துக்கொண்டு இறங்கியதும், தோழிகள் அவரைச் சுற்றித் தோள் கோத்துக்கொள்வார்கள். பந்து கைமாறிக் கடைசியில் நிற்பவரிடம் போய்விடும். எதிரணிக்கு அது கண்ணிலேயே படாது. இந்தக் கூட்டம்தான் மால். அது முழுவதும் ஒரே உடலாக எதிரணியின் இலக்குக் கோட்டின் பக்கம் நகரும். அதை வேண்டுமென்றே சரித்தால் பெனால்டி. இலக்குக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றிப் புள்ளி எடுப்பது டிரை. அன்று இங்கிலாந்தின் எமி கோகெய்ன் மூன்று டிரைகளை வைத்தது இந்த வழியில்தான். மால் உருவானதும் முன்னால் முட்டுபவர்களை விட்டுவிட்டு, கடைசியில் இருப்பவரின் கைகளையும் எல்லோருடைய கால்களையும் கவனியுங்கள். எனக்கு ரக்பியில் இதைவிட அழகான காட்சி கிடையாது.

அடுத்தது, சிவப்பு அட்டையைப் பற்றிய அவசரத் தீர்ப்பு. அதே ஆட்டத்தின் 18-ஆவது நிமிடத்தில் இங்கிலாந்தின் லிடியா தாம்சன் வெளியேற்றப்பட்டார். "வேண்டுமென்றே செய்யவில்லையே" என்று வாதிடுவதில் பயனில்லை. தலையில் மோதல் நேர்ந்ததா, எவ்வளவு வேகத்தில், ஆபத்தைக் குறைக்கும் காரணம் ஏதேனும் இருந்ததா என்பதைத்தான் நடுவர் பார்க்கிறார். எஞ்சிய நேரம் முழுவதும் இங்கிலாந்து 14 பேருடன் ஆடியது. 2025 உலகக் கோப்பையில் இருந்த 20 நிமிடச் சிவப்பு அட்டையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில், வெளியேறியவர் திரும்ப முடியாது. ஆனால் 20 நிமிடம் கழிந்ததும் மாற்று வீராங்கனை இறங்கலாம்.

பழைய ஸ்கோர்களை இன்றைய கணக்கில் படிப்பதும் தவறு. 1982-இல் உட்ரெக்ட்டில் நடந்த முதல் பெண்கள் சர்வதேச ஆட்டத்தில் பிரான்ஸ் நெதர்லாந்தை 4-0 என்று வென்றது. அப்போது ஒரு டிரைக்கு 4 புள்ளிகள், இன்று 5.

கடிகாரம் 80 நிமிடத்தைத் தொட்டதும் எழுந்து போய்விடாதீர்கள். பந்து ஆட்டத்தில் இருக்கும்வரை ஆட்டம் முடியாது. அந்த இறுதியாட்டத்தின் கடைசிக் கட்டத்தில் இங்கிலாந்துக்குப் பெனால்டி கிடைத்தது. கம்பங்களுக்கு நடுவே உதைத்திருந்தால் 3 புள்ளிகள், சமநிலை. அவர்களோ பந்தைப் பக்கக்கோட்டுக்கு வெளியே உதைத்து லைன்அவுட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். அதை முட்டாள்தனம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நாள் முழுவதும் புள்ளிகளை அள்ளித் தந்த மாலுக்கு ஐந்து மீட்டர் தூரம்தான் மிச்சம். பந்து எறியப்பட்டது. நியூசிலாந்தின் ஜோவானா நான்-வூ எழும்பி, கையை நீட்டி, அதைத் தட்டிப் பறித்தார்.