டார்டனஸ் பெண்ணை அடையாளம் காண்பது எப்படி?

கென்யா, தென்னாப்பிரிக்கா என்று காட்டுப்பக்கம் போகும் புதியவர்களைத் திணறடிக்கும் பட்டாம்பூச்சி பாப்பிலியோ டார்டனஸ். ஆண் எங்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். பெண்ணுக்கோ பத்துக்கும் மேற்பட்ட வேடங்கள். அவற்றையெல்லாம் வெவ்வேறு இனங்கள் என்றே நினைத்திருந்தார்கள், 1869-இல் பூச்சியியலாளர் ரோலண்ட் ட்ரைமன் எல்லாம் ஒரே இனம்தான் என்று எழுதும்வரை. அதனால் நிறத்தை நம்பி ஆரம்பிக்காதீர்கள்.

முதலில் வால். வெளிர்மஞ்சள் இறக்கை, கறுப்பு ஓரம், பின்னிறக்கையில் வால் இருந்தால் ஆண். ஆனால் மடகாஸ்கர் போன்ற சில இடங்களில் இது செல்லாது, அங்கே பெண்ணும் வாலோடு ஆணைப் போலவே இருக்கும்.

வால் இல்லையா? உடனே டார்டனஸ் பெண் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கறுப்பில் மஞ்சள் திட்டுகள் சிதறி, பின்னிறக்கையில் சிவப்பும் நீலமுமாகக் கண்போன்ற புள்ளி தெரிந்தால் அது பாப்பிலியோ டெமோடோகஸ், நம்மூர் எலுமிச்சை அழகிப் பட்டாம்பூச்சியின் நெருங்கிய சொந்தம். ஆப்பிரிக்கத் தோட்டங்களில் இதைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

சரி, அதுவும் இல்லை என்றால், அது வேறு எந்தப் பட்டாம்பூச்சியைப்போல இருக்கிறது என்று பாருங்கள். கறுப்பு வெள்ளையாக இருந்தால் அமாரிஸ் நியாவியஸ் வேடம், ஆரஞ்சு நிறத்தில் முன்னிறக்கை நுனி கறுத்து வெள்ளைப் பட்டையோடு இருந்தால் டானஸ் கிரிசிப்பஸ் வேடம் (நம்மூர் எருக்கஞ்செடியில் முட்டையிடுமே, அதே இனம்தான்). இந்த அசல்கள் பறவைக்கு ருசிக்காது, நகலும் அந்தப் பெயரில் தப்பித்துக்கொள்கிறது.

அசலா நகலா என்பதைக் கால்கள் சொல்லிவிடும். பூவில் உட்கார்ந்ததும் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்: அமாரிஸ், டானஸ் இரண்டுக்கும் முன்னங்கால்கள் சுருங்கிப்போய் நான்கு கால்களில்தான் நிற்கும், டார்டனஸ் ஆறிலும் நிற்கும். மேலிருந்து எடுத்த அழகான படத்தை வைத்து இதைச் சொல்லவே முடியாது.

டார்டனஸுக்கு நெருங்கிய உறவுகள் இரண்டு. கறுப்பில் பச்சைப் பட்டையும் வாலும் இருந்தால் பாப்பிலியோ ஃபோர்காஸ். அதன் பெண்ணிலும் இரண்டு வகை, ஆணைப்போலப் பச்சையாக ஒன்று, பழுப்பு மஞ்சளாக ஒன்று. பாப்பிலியோ கான்ஸ்டன்டினஸில் அந்தத் தொல்லை இல்லை, ஆண் பெண் இரண்டும் கருமையில் வெளிர்மஞ்சள்தான்.

ஆப்பிரிக்கா போகும்முன் பழக வேண்டுமென்றால் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியே போதும். அங்கே வரும் கறிவேப்பிலை அழகியின் பெண் சில சமயம் ரோஜா அழகி வேடத்தில் வரும், அப்போது இறக்கையை விட்டுவிட்டு உடம்பைப் பாருங்கள்: ரோஜா அழகிக்குத்தான் சிவப்பு உடம்பு, வேடதாரிக்குக் கறுப்பு.