என்செலடஸில் இறங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வியாசர்பாடியிலும் தண்டையார்பேட்டையிலும் பழைய கணினிகளில் ஆர்பிட்டர் என்ற இலவச விண்கலப் பாவனை மென்பொருளை ஓட்டும் மாணவர்கள், நிலாவில் இறங்கப் பழகியதுமே சனியின் பனித் துணைக்கோளான என்செலடஸுக்குத் தாவிவிடுகிறார்கள். ஆசை நல்லதுதான். நிலாவில் பழகிய கைதான் அங்கே காரியத்தைக் கெடுக்கிறது.

இன்ஜினைத் தாராளமாக எரிப்பதே பெரிய தவறு. என்செலடஸின் விட்டம் 504 கி.மீ. மட்டுமே, அதன் ஈர்ப்பிலிருந்து தப்பத் தேவையான விடுபடு வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 240 மீட்டர். பூமியின் ஈர்ப்புக்கு நிகரான முடுக்கம் தரும் இன்ஜினை 25 விநாடி எரித்தால் கலம் திரும்பியே வராது. பத்து மீட்டர் உயரத்தில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள்: தரையைத் தொட 13 விநாடி ஆகும், அப்போதும் வேகம் விநாடிக்கு ஒன்றரை மீட்டர்தான்.

சுற்றுப்பாதைத் திரையில் மையக் கோளைச் சனியிலிருந்து என்செலடஸுக்கு மாற்ற மறப்பவர்கள் ஏராளம். திரை விநாடிக்கு 12 கி.மீ.க்கு மேல் காட்டும். அது சனியைச் சுற்றும் வேகம். அதைக் குறைக்கப் போனால் எரிபொருள்தான் தீரும்.

தென்துருவப் பிளவுகளைப் பார்க்கும் ஆவலில் துருவப் பாதையில் கலத்தை விட்டு, காலத்தை வேகப்படுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதீர்கள். சனியின் இழுப்பில் அந்தப் பாதை நாட்கணக்கிலேயே குலைந்து கலம் தரையில் மோதும்.

கண்காட்சிக்காகப் படம் தயாரிப்பவர்கள் செய்யும் பிழைகள் வேறு. சனியின் வளையங்களைச் சாய்வாக, அகலமாக வரைகிறார்கள். என்செலடஸ் அந்த வளையங்களின் தளத்திலேயே சுற்றுவதால் அங்கிருந்து அவை மெல்லிய கோடாகவே தெரியும். சனி உதிப்பதும் இல்லை, மறைவதும் இல்லை. சனிக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டிச் சுற்றும் துணைக்கோள் என்செலடஸ். தென்துருவத்தில் நின்றால் சனி அடிவானத்தை ஒட்டியே இருக்கும். பிளவுகளின் நீலப் பச்சை நிறமும் சனியை ஆராய்ந்த காசினி விண்கலத்தின் படங்களில் செயற்கையாகக் கூட்டப்பட்டது. கண்ணுக்குத் தெரிவது வெண்மைதான்.

அந்தப் பிளவுகளிலிருந்து எழுவதாகக் காசினி 2005இல் கண்டறிந்த பனிப் பீச்சுகளை அத்திப்பட்டு அனல்மின் நிலையப் புகைபோல் சுருள்சுருளாக வரைவதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. சுருள்வதற்குக் காற்று வேண்டுமே! பனித்துகள்கள் நேராகச் சீறி விசிறியாக விரியும். ஒரு பகுதி மீண்டும் தரையில் விழும். மீதி தப்பிச் சென்று சனியின் ‘ஈ’ (E) வளையத்தில் சேரும். சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருந்தால் அவை தெரியவே தெரியாது. கேமராவை இருள் பக்கத்துக்குக் கொண்டுபோய், சூரியனை என்செலடஸின் விளிம்புக்குப் பின்னால் மறையவிட்டு எடுங்கள்.