டோக்கியோவுக்கு முதற்பயணம்: திட்டத்தைச் சாப்பாட்டிலிருந்து தொடங்குங்கள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து முதன்முறையாக ஜப்பானுக்குச் சுற்றுலாச் செல்பவர்கள் பெரும்பாலும் பார்க்கவேண்டிய இடங்களின் பட்டியலையே முதலில் எழுதுகிறார்கள். சாப்பாட்டை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் மச்சம் தொடாதவரும், மாட்டிறைச்சி உண்ணாதவரும், ஹலால் உணவு மட்டுமே உண்பவரும் அருகருகே வாழும் நம் கரையிலிருந்து புறப்படுபவர்கள் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்குவதே நல்லது. ஒவ்வொரு நாளும் மத்தியானச் சாப்பாடு எங்கே என்பதை முதலில் முடிவு செய்து, அந்த இடத்திலிருந்து நடந்தோ இரண்டு மூன்று நிலையங்கள் தள்ளியோ சேரக்கூடியவற்றை மட்டும் அன்றைய பார்வைக்கு ஒதுக்குங்கள். ஒரு வாரமே கையில் இருந்தால் ஒரு நகரமே போதும்; டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா மூன்றையும் அதற்குள் அடக்க முனைபவர் அதிகம் பார்ப்பது புகையிரத நிலையங்களைத்தான்.

கட்டுநாயக்காவிலிருந்து டோக்கியோவின் நரிட்டா விமான நிலையத்துக்கு நேரடி விமானம் உண்டு. அதற்கு முன்பே நாம் இரவு முழுவதும் வான் வண்டியிலோ பேருந்திலோ கட்டுநாயக்காவரை வந்திருப்போம் என்பதையும், ஜப்பான் நேரம் நமக்கு மூன்றரை மணித்தியாலம் முந்தியது என்பதையும் கணக்கில் எடுத்து, முதல்நாளை ஓய்வுக்கு விட்டுவிடுங்கள். தங்குவதற்கு டோக்கியோவின் உவேனோப் பகுதி வசதியானது. நரிட்டாவிலிருந்து கெய்செய் புகையிரதம் அங்கேயே கொண்டுவந்து இறக்கும். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம்வரை உள்ளூர் விடுமுறை என்பதால் அறைவாடகையும் நெரிசலும் கூடும்.

இனிச் சாப்பாடு. ஜப்பானியச் சமையலின் அடித்தளமான தாஷி என்னும் சாறு, பெரும்பாலும் நமது மாசியை ஒத்த உலர்ந்த மீனிலும் கொம்பு என்னும் கடற்பாசியிலும் எடுக்கப்படுகிறது. ஆகவே மிசோ சூப்பிலும், வெறும் மரக்கறியாகத் தோன்றும் அவியலிலும்கூட மீன் இருக்கக்கூடும். ராமென் என்னும் நூடில்ஸின் சாறு பல கடைகளில் பன்றி எலும்பில் காய்ச்சப்படுவது. இனிப்புச் சுவைக்காகச் சேர்க்கும் மிரின் மதுவகையைச் சேர்ந்தது. எவற்றை உண்பதில்லை என்பதை ஜப்பானிய மொழியில் எழுதித் தொலைபேசியில் வைத்திருந்து, உட்காருவதற்கு முன்பே கடைக்காரரிடம் காட்டுங்கள். உணவு வந்தபின் கேட்பது இரு தரப்புக்கும் சங்கடம். பொதிகளில் உள்ள விபரங்களைக் கூகுள் மொழிபெயர்ப்புச் செயலியின் கமராவால் ஓரளவு வாசித்துக்கொள்ளலாம்.

காலைச் சாப்பாட்டுக்குச் செவன் இலெவன், லோசன், ஃபமிலிமார்ட் போன்ற கடைகளின் ஒனிகிரி, அதாவது கடற்பாசித் தாள் சுற்றிய சோற்று உருண்டை, மலிவும் வசதியும் ஆனது. அதன் உறையில் 1, 2, 3 என்று இலக்கமிட்டிருக்கும்: முதலில் நடுப்பட்டியைச் சுற்றிக் கிழித்து, பிறகு இரண்டு மூலைகளையும் பக்கவாட்டில் இழுத்தால், தாள் நமுத்துப்போகாமல் சோற்றோடு ஒட்டும். உமேபோஷி என்னும் உப்பிட்ட புளிப்புக் காய் வைத்தது சைவக்காரருக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும். ஆனாலும் உறையை வாசித்துவிட்டே எடுங்கள். இரவுக்குப் பேரங்காடிகளின் நிலக்கீழ்த் தளத்தில் உள்ள உணவுப்பகுதி நல்லது; பூட்டும் நேரம் நெருங்க விலைகுறைப்பு ஒட்டிகள் ஒவ்வொன்றாக ஏறும். தென்னிந்திய உணவகங்களும் டோக்கியோவில் உண்டு. ஆனால் தோசை சாப்பிடுவதற்காக நாள்தோறும் நகரின் மறுமுனைக்கு ஓடுவது வீண்செலவு என்பது என் கருத்து. உணவகங்களில் டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை.

இந்த முறையில் ஒரு நாளை இப்படி அமைக்கலாம். காலையில் அசாகுசாவின் சென்சோஜி விகாரை. நுழைவுக்கட்டணம் இல்லை, ஒன்பது மணிக்கு முன் போனால் கூட்டமும் குறைவு. அங்கிருந்து கால்நடையாகவே கப்பாபாஷி சமையற்பாத்திரத் தெரு. பிறகு உவேனோவில் சாப்பாடு, 1872இல் தொடங்கிய டோக்கியோ தேசிய அருங்காட்சியகம் (திங்கட்கிழமைகளில் பெரும்பாலும் பூட்டியிருக்கும்), பின்னேரம் ஷினோபாசு குளம். தாமரை படர்ந்த அந்தக் குளத்தின் நடுவிலுள்ள பென்தென் ஆலயத்தில் இருப்பவள் நம் சரசுவதிதான். பௌத்தத்தோடு சேர்ந்து ஜப்பானுக்குச் சென்றவள்.

இஸ்லாமியர் வெள்ளிக்கிழமைக்கு மெய்ஜி ஆலயப் பக்கத்தை வையுங்கள். மெய்ஜிஜிங்குமாயே நிலையத்திலிருந்து சியோடா பாதையில் இரண்டாவது நிலையம் யோயோகி உவேஹாரா. அங்கே 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட, துருக்கியக் கட்டட அமைப்பிலான டோக்கியோ ஜாமி பள்ளிவாசலும் அதனோடு ஹலால் கடையும் உள்ளன. ஜும்ஆவை முடித்துக்கொண்டு மாலையில் ஷிபுயாவுக்குப் போகலாம். உயரத்திலிருந்து நகரைப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஷின்ஜுகுவிலுள்ள மாநகர அரசாங்கக் கட்டடத்தின் 202 மீற்றர் உயரப் பார்வைத்தளம் இலவசம். பணம் கட்டி ஏறும் கோபுரங்களைத் தயங்காமல் விட்டுவிடலாம்.

கொள்வனவைக் கடைசி இரண்டு நாட்களுக்கு வையுங்கள். முதல்நாளே வாங்கினால் பயணம் முழுதும் சுமக்க நேரிடும். டைசோ போன்ற நூறு யென் கடைகளில் பெரும்பாலான பொருட்கள் வரியோடு 110 யென் என்பதால், ஊரிலுள்ளவர்களுக்கான சிறு அன்பளிப்புகளை அங்கேயே முடித்துவிடலாம். வரிவிலக்குப் பெறுவதற்கு ஒரே கடையில் ஒரே நாளில் வரி நீங்கலாகக் குறைந்தது 5,000 யென்னுக்கு வாங்க வேண்டும். கடவுச்சீட்டின் பிரதி போதாது, மூலமே கையில் இருக்க வேண்டும். 2026 நவம்பர் 1 முதல் வரியைக் கடையில் கட்டி, நாட்டைவிட்டுப் புறப்படும்போது திரும்பப் பெறும் முறைக்கு இது மாறுகிறது. கப்பாபாஷியில் கத்தி வாங்கினால் அது விமானத்தில் ஒப்படைக்கும் பொதிக்குள்ளேயே போக வேண்டும்.

சோறு சமைக்கும் மின்குக்கரைக் கண்டு மனம் இளகுபவர்கள் அதன் அடியிலுள்ள தகட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஜப்பானிய மின்சாரம் 100 வோல்ட், நமது 230. உள்ளூர்ப் பாவனைக்கான குக்கரைச் செருகிமாற்றியோடு மட்டும் இங்கே பொருத்தினால் கருகிவிடும். வெளிநாட்டுப் பாவனைக்கென்று 220 முதல் 240 வோல்ட் வரை குறித்த வகைகளை டோக்கியோவின் மின்பொருள் கடைப்பகுதியான அகிஹாபாராவின் பெரிய கடைகளில் தனியாக அடுக்கியிருப்பார்கள். அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.